ஆறரைக் கட்டை

தாழ்மையப் பத்தி எழுதணும்னு எங்கிட்ட வந்தீங்க பாருங்க, அது ரொம்பச் சரி தம்பி. யாருகிட்ட அனுப்பணும்னு நம்ம சபை போதகர் ஐயருக்குத் தெரிஞ்சிருக்கு. கோயிலுக்கு நூத்தாண்டு மலரு, ஆளுக்கு ரெண்டு பக்கம், பாடகர் குழுத் தலைவன்ங்கிற முறையில இனிமே வாரவங்களுக்கு நாலு நல்ல புத்தி. அதான? எழுதிக்கிடுங்க. தங்கையா வாத்தியார், நன்மைபுரம் கோயில்ல முப்பத்தோரு வருசம் பாடகர் குழுத் தலைவர். இந்த முப்பத்தோரு வருசத்துல நான்தான் பெரியவன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அத மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டாலும் சரிதான்.

நான் ஒண்ணும் பெரிய வித்துவான் இல்ல. அத நானே சொல்லுவேன், அடுத்தவன் சொன்னாத்தான் புடிக்காது. மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாங் கிளாஸ் எடுத்துக்கிட்டே ஆர்மோனியம் படிச்சேன். பொறவு கோயிலுக்கு கீபோர்டு வந்துச்சு. அதையும் தட்டித் தடவி நானே படிச்சேன். குரல் மூக்கால வருதுன்னு நாலு பேரு சொல்லுவாங்க. காய்ச்ச மரந்தான கல்லடி படும்?

கூட ஊழியம் செய்ய எத்தனையோ பேரு வந்தாங்க. எஸ்ரான்னு ரயில்வேக்காரரு ஒருத்தர், நல்லா வயலின் வாசிப்பாரு. மூணு மாசத்துல நின்னுட்டாரு. உடன்குடிப் பக்கத்துலருந்து ஒரு டீச்சரம்மா வந்தாங்க, நோட்டு பாத்து வாசிப்பாங்க. அவங்களும் நின்னுட்டாங்க. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. ஊழியத்துல நெலச்சு நிக்க தாழ்மை வேணும்லா. அது எல்லாருக்கும் வாய்க்காது.

அப்பதான் ஹெப்சிபா வந்தா. நம்ம ஊரு தபாலாபீசுக்கு மாத்தலாகி வந்தவ. நாப்பது, நாப்பத்திரெண்டு வயசு இருக்கும். புருசன் தவறிட்டாரு, தபாலாபீசுக்குப் பின்னால ஒரு வீடு புடிச்சுத் தனியா இருந்தா. மொத ஞாயித்துக்கிழம பொம்பளையாளு பக்கம் நடுவுல எங்கேயோ உக்காந்திருக்கா. நான் கீபோர்டுல இருக்கேன், குழுவுல பதினாறு பேரு தொண்டையத் தொறந்து பாடுதாங்க. பின்னாலருந்து ஒருத்தி குரல் மட்டும் தனியாத் தெரியுது. கத்தலே கெடையாது. சும்மா பாடுதா, அவ்வளவுதான். முன்வரிசை ஆளுங்க ஒவ்வொருத்தரா திரும்பிப் பாக்காங்க. ஆராதனையில திரும்பிப் பாக்கலாமா? அன்னைக்கே எனக்கு மனசு சங்கடமாயிட்டு. என்னை நெனச்சு இல்ல, ஆராதனையோட ஒழுங்க நெனச்சு.

மறு வாரமே ஐயரு அவளக் குழுவுல கொண்டாந்து விட்டுட்டாரு. நானும் வா தாயின்னு கூப்புட்டு முன்னால நிறுத்தினேன். குணம் எப்படின்னு கேட்டா, குத்தம் சொல்ல ஒண்ணும் கெடையாது. "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க சொல்லுத மாதிரி பாடுதேன்" அப்படிம்பா. எதுக்கும் அதே பேச்சு. நான் தப்பாச் சொல்லிக் குடுத்தா அதையும் அப்படியே பாடுவா. சில பேருக்கு அடக்கமே ஒரு பெருமை, தம்பி. உங்களுக்குப் புரியும்.

இப்ப ஒரு விசயம் சொல்லுதேன், இத எழுதாதீங்க. பெரிய வெள்ளிக்கிழம மும்மணி ஆராதனை உங்களுக்குத் தெரியும்லா. மத்தியானம் பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும். சிலுவையில ஆண்டவரு சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டு. சனம் பச்சத் தண்ணி கூட குடிக்காம நோம்பு இருக்கும். அதுல அஞ்சாவது வார்த்தை, ஆண்டவரு தாகம்னு சொன்னது. அதுக்கு உள்ள பாட்டு நான் கட்டுனது. வார்த்தையும் நான், ராகமும் நான். பதினாலு வருசம் நான்தான் பாடுனேன். வேற யாரும் பாடுனதில்ல. சனம் கேக்கும், ஆமென்னு சொல்லும், விசிறிக்கிட்டே இருக்கும். அந்த வெயில்ல வேற என்ன செய்யும்?

அந்த வருசம் ஐயரு எங்கிட்ட வந்து, "வாத்தியாரே, அஞ்சாவது வார்த்தைக்கு இந்தத் தடவ ஹெப்சிபா பாடட்டுமே"ன்னாரு. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. சந்தோசமாக் குடுத்தேன். முழங்கால்ல நின்னு, ஆண்டவரே எனக்கு இதுல வருத்தம் தோணாம காத்துக்கிடும்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் குடுத்தேன். தாழ்மைக்கு இதவிட என்ன சாட்சி வேணும்?

பழக்கம் பாக்கும்போது அவளுக்கு அஞ்சு கட்டை சுருதி ஒத்து வந்துச்சு. பல்லவி தாழத்துல கெடக்கும், சரணத்துல கடைசி ரெண்டு வரி மேல ஏறும். அஞ்சு கட்டையில அவ அத அலுங்காம எட்டித் தொட்டுட்டு எறங்கிருவா. ஒரு நா சாயங்காலம் அப்படிப் பாடிக்கிட்டிருக்கா. என் வீட்டுக்காரி ஜெபக்கனி எனக்குப் பிளாஸ்குல காப்பி கொண்டுட்டு வந்தவ, வாசப்படியிலயே நின்னுட்டா. பாட்டு முடிஞ்சு நிமுந்து பாக்கேன். அவ கண்ணுலருந்து தண்ணி ஓடுது. முந்தானையால தொடைக்கக் கூடத் தோணாம நிக்கா.

பதினாலு வருசம் அதே பாட்ட நான் பாடியிருக்கேன். வீட்டுல, கோயில்ல, குளிக்கும்போது எல்லாம் பாடியிருக்கேன். ஒரு சொட்டு வந்ததில்ல அவளுக்கு.

வீட்டுக்குப் போற வழியில ஜெபக்கனி சொல்லுதா, "இங்கேருங்க, இந்தப் பாட்டு இவ்வளவு நல்ல பாட்டுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." என்னைப் பாராட்டுறதா நெனச்சுச் சொன்னா. நெசமாவே பாராட்டாத்தான் சொன்னா, பாவம். அவளுக்குச் சூது வாது தெரியாது. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு ரொம்ப நேரம் அந்தச் சட்டையவே பாத்துக்கிட்டு நின்னேன்.

பொறாமைன்னு நெனச்சிராதீங்க. எனக்குப் பொறாமை கெடையாது, யாருகிட்ட வேணாலும் கேளுங்க. எனக்கு இருந்தது பயம், அந்தப் பிள்ளைய நெனச்சு. சனம் புகழப் புகழ அவளுக்குத் தலைக்கனம் வந்து ஆத்துமா கெட்டுப் போயிருமேன்னு. அடியாத மாடு படியாதும்பாங்க. ஒரு சின்ன அடி இருந்தா அவளுக்கு நல்லதுதானன்னு மனசுல ஒரு எண்ணம். எண்ணந்தான்.

கீபோர்டுல டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் உண்டு. அத அமுக்கினா நம்ம வெரல் ஓடுற எடத்துலயே ஓடும், சத்தம் மட்டும் மேல ஏறும். ஒரு தட்டுக்கு அரைக் கட்டை. பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பெரிய வெள்ளிக்கிழம அஞ்சாவது பிரசங்கம் முடியப் போற நேரம், நான் துணிய வச்சுத் தூசி தொடச்சுக்கிட்டிருந்தேன். அப்ப கை பட்டுருச்சு. பட்டுருச்சுன்னே வச்சுக்கிடுங்க. மூணு தடவ பட்டுருச்சு.

அஞ்சு கட்டை ஆறரைக் கட்டை ஆயிட்டு.

அவ வந்து நின்னா, வெள்ளச் சேலை, ஒதடெல்லாம் காஞ்சு போயிருக்கு. காலையிலருந்து தண்ணி குடிக்காத தொண்டை. பல்லவி பாடும்போது அவளுக்கு வித்தியாசம் தெரியல. சனம் விசிறியக் கீழ வச்சிட்டு. சரணத்துக்கு ஏறினா. கடைசி வரிக்கு முன்னாடி என்னை ஒரு பார்வை பாத்தா, அண்ணாச்சி இது என்னதுங்கிற மாதிரி. நான் கட்டைகளப் பாத்து வாசிச்சுக்கிட்டிருந்தேன். மேல போனா. குரல் பிஞ்சிட்டு. கீச்சுன்னு ஒரு சத்தம், பொறவு ஒண்ணுமே இல்ல. வாய் மட்டும் தொறந்து இருக்கு. சின்னப் பிள்ளைங்க ரெண்டு மூணு சிரிச்சிட்டு. சின்னதுங்கதான, அதுங்களுக்கு என்ன தெரியும்?

நான் ஒரு நொடி பாத்தேன். பட்டன எனக்கு ஒத்த சுருதிக்கு எறக்கினேன், விட்ட எடத்துலருந்து நானே எடுத்துப் பாடி முடிச்சேன். அன்னைக்கு எல்லாரும், வாத்தியாரு மட்டும் இல்லைன்னா ஆராதனை மானம் போயிருக்கும்னாங்க. ஐயரே சொன்னாரு.

ஆராதனை முடிஞ்சு கோயில் பொறத்தால நோம்புக் கஞ்சி ஊத்திக்கிட்டிருக்காங்க. ஹெப்சிபா எங்கிட்ட வந்தா. மொகத்த நேரா பாக்கல. "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. உங்க பாட்ட நாசமாக்கிட்டேன்"னா. நான் அந்த எடத்துல உண்மையைச் சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனைப்பீங்க. சனம் சுத்தி நிக்குது தம்பி, கையில கஞ்சிக் கிண்ணம் இருக்கு. எப்படிச் சொல்ல முடியும்? நான் சொன்னேன், "பரவாயில்ல தாயி. மனுசனுக்கு மேட்டிமை வரும்போது கர்த்தரு கொஞ்சம் தட்டி வைப்பாரு. அது அன்புதான். தாழ்மையக் கத்துக்கோ"ன்னு. தலையில கை வச்சு ஜெபம் பண்ணிக்கூட விட்டேன். அவ அழுதுக்கிட்டே ஆமென்னா.

வீட்டுல ஜெபக்கனி எலயப் போட்டுக்கிட்டே கேட்டா, "சுருதி ஏன் அவ்வளவு கூடிப் போச்சு?" அவளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனா லெந்து நோம்பு நாப்பது நாளும் நான் வீட்டுல அஞ்சு கட்டை, அஞ்சு கட்டைன்னு சொல்லி வாசிச்சதக் கேட்டவ. அந்தக் காதுக்கு எது கூட, எது கொறச்சல்னு தெரிஞ்சிருக்கு. நான், "வெக்கைக்கு மெஷினு அப்படித்தான் பண்ணும்"ன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், நீ வேற"ன்னேன். "ஓகோ"ன்னா. முப்பத்தாறு வருசத்துல அப்படி ஒரு ஓகோ நான் கேட்டதில்ல.

ஹெப்சிபா குழுவுக்கு வாரது நின்னுட்டு. கோயிலுக்கு வருவா, கடைசி பெஞ்சுல உக்காருவா. சபை எல்லாம் சேந்து பாடும்போது அவ ஒதடு மட்டும் அசையும். பக்கத்துல இருந்த பொம்பளைங்க சொன்னாங்க, சத்தமே வாரதில்லையாம். நான் ரெண்டு தடவ ஐயருகிட்ட வருத்தப்பட்டேன், ஒரு சின்ன தோல்வியத் தாங்க மாட்டேங்காளே இந்தப் பிள்ளைன்னு.

அந்த வருசம் கிறிஸ்மஸ் முடிஞ்சு ஜெபக்கனி படுத்துட்டா. கர்ப்பப்பையில கட்டி. தூத்துக்குடி, திருநெல்வேலின்னு அலைஞ்சோம். கடைசியில, வீட்டுக்குக் கொண்டு போங்க, கேட்டத வாங்கிக் குடுங்கன்னுட்டாங்க. எங்களுக்குப் பிள்ளை கெடையாது தம்பி, அவளுக்கு நான், எனக்கு அவ. சபையில வாரம் ஒரு தடவ வந்து பாடி ஜெபிப்பாங்க. நான் தெனமும் பாடுவேன். அவ கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருப்பா.

ஒரு நா நான் பாடி முடிச்சதும் கண்ணத் தொறந்தா. "ஏங்க, எனக்கு ஒரு ஆசை. கேட்டா கோவப்படக் கூடாது."

"என்னளா, சொல்லு. எளநீ வேணுமா?"

"அந்த ஹெப்சிபாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. அந்தத் தாகப் பாட்டப் பாடச் சொல்லணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு சொன்னா, "அஞ்சு கட்டையில."

அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, இவளுக்கு எல்லாம் தெரியும்னு. அவ ஏசல, கேள்வி கேக்கல. நீங்களே போய்க் கூப்புடுங்கன்னு மட்டும் சொன்னா. நானும், நாளைக்கே போறேன்னேன்.

போனேன். போகலைன்னு சொல்ல முடியாது. தபாலாபீஸ் ஜன்னல்கிட்ட போய் நிப்பேன். "என்ன வேணும் அண்ணாச்சி?"ம்பா. "ஒரு கார்டு குடு தாயி"ம்பேன். வாங்கிட்டு வந்துருவேன். மறு நா போவேன். மறுபடியும் ஒரு கார்டு. பதினோரு நாளு பதினோரு கார்டு. எழுத எனக்கு ஆளு யாரு இருக்கா? ஒரு நா அவளே கேட்டா, "அக்காவுக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி? பாக்க வரணும்னு இருக்கு, வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு..." நான், "இருக்கா"ன்னுட்டுத் திரும்பிட்டேன்.

கேட்டா அவ வந்துருவா தம்பி. அதுதான் விசயம். மாட்டேங்கிற சாதி இல்ல அது. வந்தா பாடுவா. பாடுனா ஜெபக்கனி அழுவா. என் வீட்டுல, என் கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் கட்டுன பாட்டுக்கு, அடுத்தவ குரலக் கேட்டு அழுவா. அழுதுட்டு, நிம்மதியாக் கண்ண மூடுவா. பக்கத்துல நான் என்னன்னு உக்காந்திருக்க?

பன்னெண்டாம் நாளு ஜெபக்கனி, "என்ன சொன்னா?"ன்னு கேட்டா. நான், "அவ வரமாட்டேங்கா. பெருமை புடிச்சவ"ன்னேன். "அப்படியா சொன்னா?"ன்னா. "ஆமா"ன்னேன். "சரி. நீங்க போய்ச் சாப்பிடுங்க, நேரமாச்சு"ன்னுட்டா. நான் சாப்பிட்டுட்டு வந்து, அவ மனசு ஆறட்டும்னு அந்தப் பாட்ட நானே ஒரு தடவ பாடினேன். அவ செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டிருந்தா. தூங்கிட்டான்னு நெனச்சேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழம விடியும்போது போயிட்டா.

வெள்ளிக்கிழம சாயங்காலம் அடக்கம். பெட்டி நடுவீட்டுல இருக்கு. நான் தலமாட்டுல உக்காந்திருக்கேன். ஹெப்சிபா வந்தா. ஜெபக்கனி காலத் தொட்டுக் கும்புட்டுட்டு, எங்கிட்ட குனிஞ்சு மெதுவாச் சொன்னா.

"அண்ணாச்சி, அக்கா எனக்குப் போன் பண்ணாக. போன சனிக்கிழம, நீங்க பாட்டுப் பழக்கத்துக்குப் போயிருந்த நேரம். வந்தேன். ஞாயித்துக்கிழம நீங்க கோயில்ல இருந்த நேரமும் வந்தேன். உங்களுக்குத் தெரியாம வந்தது தப்புதான். சொல்லிரணும்னு தோணுச்சு."

பெஞ்சாதி பொணம் முன்னால கெடக்கு. நான் என்ன கேட்டிருக்கணும்? அவ என்ன சொன்னா, வலியில இருந்தாளா, என்னைப் பத்தி ஏதும் சொன்னாளான்னு கேட்டிருக்கணும். நான் கேட்டது, "பாடுனியா?"

"வாயத் தொறந்தேன் அண்ணாச்சி. வரல. அக்கா எல்லாம் சொன்னாக. அன்னைக்கு உன் தொண்டையில ஒரு குத்தமும் இல்ல, சுருதி கூடியிருந்துச்சுன்னு சொன்னாக. தெரிஞ்ச பொறவாவது வரும்னு பாத்தேன். ரெண்டு நாளும் பாத்தேன். வெறும் காத்துதான் வந்துச்சு. அக்கா என் தொண்டையத் தடவிக் குடுத்து, அழாத தாயி, இருக்கட்டும்னாக. அவுக கேட்ட ஒண்ண என்னால குடுக்க முடியலையே அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னா. என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசல. எந்திரிச்சுப் போய் பொம்பளைங்களோட நின்னுக்கிட்டா.

தம்பி, இத ஐயருகிட்ட சொன்னதில்ல. ஜெபத்துலயும் சொன்னதில்ல. பாடலைன்னு அவ சொன்னா பாருங்க, அந்த நிமிசம் எனக்கு நெஞ்சு லேசாயிட்டு. ஒரு வருசத்துக்குப் பக்கமா ஏறி உக்காந்திருந்த ஒரு பாரம் எறங்கிப் போயிட்டு. கட்டுன பொண்டாட்டி கடைசியாக் கேட்ட ஒரே ஒரு பாட்டு, அதக் கேக்காமலே போயிட்டா. எனக்கு அதுல நிம்மதி. இனிமே அந்தக் குரல் வராதுங்கிற நிம்மதி. அன்னைக்கு வெக்கமாக் கூட இல்ல. இப்ப உங்ககிட்ட சொல்லும்போதுதான் இருக்கு.

அடக்க ஆராதனைக்கு வேற ஆளு வாசிக்கட்டும்னு ஐயரு சொன்னாரு. நான் விடல. கல்லறைத் தோட்டத்துல குழிப் பக்கத்துல கீபோர்ட வச்சு நானே வாசிச்சேன், நானே பாடினேன். அந்தத் தாகப் பாட்டத்தான் பாடினேன். முப்பத்தோரு வருசத்துல என் குரல் அப்படி வந்ததில்ல தம்பி. எங்கேயும் அடைக்கல, நடுங்கல, கடைசி வரி தன்னால மேல போயிட்டு. பெட்டிய எறக்குத ஆளுங்க கயித்தப் புடிச்சபடி நின்னுட்டாங்க. ஐயரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. இந்த மனுசனுக்கு எவ்வளவு விசுவாசம், பொண்டாட்டிய மண்ணுல வச்சுக்கிட்டு என்னமாப் பாடுதாருன்னு பேசிக்கிட்டாங்க. சனம் பூராவும் அழுதுச்சு. ஹெப்சிபாவும் அழுதா. என் பாட்டுக்கு சனம் அழுதது அந்த ஒரு தடவதான்.